பூச்சியத்தில் நிற்கும் கோடு

கோடு கீழே விழவில்லை.

கௌசல்யா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். மடிக்கணினித் திரையின் இடது ஓரத்தில், வோல்ற்றளவு பூச்சியமாக இருக்கும் இடத்தில், அந்த நீலக் கோடு அடியாழத்துக்கு இறங்கிக் காணாமல் போயிருக்க வேண்டும். மின்னழுத்தம் இல்லாத இடத்தில் மின்னோட்டம் இருக்காது. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கோடு வரைபடத்தின் அடித்தளத்துக்குச் சற்று மேலே, தட்டையாக, அசையாமல் நின்றது.

காலையில் சாதாரண அளவுகோலில் வரைந்தபோது இது தெரியவில்லை. அதில் சிறிய ஓட்டங்களெல்லாம் நசுங்கி ஒரே கோடாகத் தரையில் கிடந்தன. அதனால்தான் ஓட்டத்தின் அச்சை மடக்கைக்கு மாற்றினாள். இப்போது ஒவ்வொரு படியும் கீழ்ப்படியைவிடப் பத்து மடங்கு. அம்பியரில் கோடியில் ஒரு பங்கு ஒளிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒளிந்திருப்பதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டு வேலிக்கு அப்பால் தெரியும் இறால் பண்ணையில் வேலை செய்த அவளுடைய அண்ணன் றொபி, குளத்துக்குள் நின்றபடியே செத்துப்போனான். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் துடுப்புச் சக்கரத்தின் இரும்புச் சட்டத்தைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. மாரடைப்பு என்றார் பண்ணை மேலாளர் நிக்கொலஸ். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தொழில்நுட்பக் கல்லூரியில் இரவல் வாங்கிய மின்மானியோடு கௌசல்யா பண்ணைக்குள் ஏறிப்போய் அந்த மோட்டாரின் மின்காப்பை அளந்துவிட்டு வந்தாள். அடுத்த நாள் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளத்தில் இப்போது சக்கரமும் இல்லை.

அளந்த கணக்கை வைத்து, மென்பொருளில் அந்தக் குளத்தையே ஒரு மின்சுற்றாகக் கட்டியிருந்தாள். மின்வழங்கல், பழுதான காப்பு, உப்புத் தண்ணீர். தண்ணீருக்கும் நிலத்துக்கும் நடுவில் ஆயிரம் ஓம் தடை ஒன்று. மனித உடம்புக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு அது. அதற்கு 'றொபி' என்று பெயர் வைத்தாள்.

நாளைக்கு றொபியின் மரண விசாரணை.

"மகள், நான் செபமாலைக்குப் போயிட்டு வாறேன்." அம்மா மாக்கிறட் குடையோடு வாசலில் நின்றாள். "நிக்கொலஸ் ஐயா திரும்பவும் கதைச்சவர். அந்தக் கணக்கை விட்டிடச் சொல்லு எண்டு கேக்குறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ கேக்க மாட்டாய் எண்டு சொன்னேன்."

"அதையே சொல்லிக்கொண்டிருங்க அம்மா."

அம்மா போனபிறகு மழை வலுத்தது. கூரைத் தகட்டில் விழுந்த மழை, பக்கத்தில் யாரோ இடைவிடாமல் அரிசி புடைப்பதுபோல இரைந்தது. பண்ணைக் குளங்கள் நிரம்பி, வேலியைக் கடந்து, வளவுக்குள் வந்த பழுப்புத் தண்ணீர் முற்றத்துத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. அதோடு சேற்றின் வாடையும் வந்தது, இறால் தீனியின் புளித்த வாடையும், அதற்கடியில் கருகிய செம்புக் கம்பியைப்போல ஏதோ ஒன்றும்.

அந்தக் கோடு வெறும் கணக்குத் தூசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மென்பொருள் தசமங்களை வெட்டும்போது இப்படித் துளித் துளியாய் மிச்சம் வரும். துல்லியத்தைக் கூட்டிவிட்டு மறுபடி ஓடவிட்டாள்.

கோடு ஒரு படி ஏறி நின்றது.

தூசி என்றால் குறைந்திருக்க வேண்டும். மறுபடி ஓடவிட்டாள். இன்னும் ஒரு படி. உதட்டைக் கடித்துக்கொண்டு 'றொபி' என்ற தடையைச் சுற்றிலிருந்து அழித்தாள். தண்ணீரில் ஆள் இல்லை. இனி ஓட்டத்துக்குப் பாதையும் இல்லை. ஓடவிட்டாள். கோடு மேலும் ஒரு படி ஏறியது.

அப்போது கரண்ட் போனது.

அந்தோனியார் படத்துக்குக் கீழே எரிந்த சிவப்புப் பல்ப் அணைந்தது. வேலிக்கு அப்பால் மற்றக் குளங்களின் மோட்டார்கள் ஒவ்வொன்றாய்த் தேய்ந்து அடங்கின. பின்னேரம்தான், ஆனாலும் மேகம் கவிந்து வீட்டின் மூலைகள் மங்கிப்போயின. மழையின் இரைச்சலுக்குள் ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது.

சளப். சளப். சளப்.

துடுப்புச் சக்கரம் தண்ணீரை அடிக்கும் சத்தம். சக்கரமே இல்லாத குளத்திலிருந்து.

எழுந்து ஓடலாம். ஓடினால் நாளைக்கு அந்த நிக்கொலஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போவார்.

"போகமாட்டேன்," என்றாள் வாய்விட்டு.

மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலிருந்து மின்வழங்கலையும் அழித்தாள். இப்போது அதற்குள் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அவள் விசையைத் தொடாமலேயே கோடு ஏறியது. ஒரு படி. மூச்சு விடுவதற்குள் இன்னொரு படி.

அந்தப் படிகள் அவளுக்கு மனப்பாடம். ஒரு மில்லி அம்பியரில் சுள்ளென்று தெரியும். பத்தைத் தாண்டினால் பிடித்த கை விடாது. நூறில் நெஞ்சு அடங்கிவிடும்.

கோடு ஒரு மில்லி அம்பியரைத் தொட்டது. ஈரச் சீமெந்தில் வைத்திருந்த உள்ளங்கால்களில் எறும்புக் கூட்டம் கடித்ததுபோலச் சுள்ளென்றது. கால்களைத் தூக்கிக் கதிரையின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டாள். வாசற்படியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

ஒழுங்கையில் வாகனமொன்று வந்து நின்றது.

"தங்கச்சி! உள்ள இருக்கீங்களா?"

நிக்கொலஸ். கேற்றுக்கு வெளியே, ஒழுங்கையின் மேட்டில், குடையோடு நின்றார். சப்பாத்தைக் கழற்றி ஒரு கையில் பிடித்திருந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்.

கௌசல்யா கால் சுள்ளிடுவதையும் பொருட்படுத்தாமல் கதிரையைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலருகே போட்டு, அதன்மேல் ஏறி நின்றாள். "ஐயா, தண்ணிக்க இறங்காதீங்க! அங்கயே நில்லுங்க!"

"ஏன், நாய் நிக்குதா?"

"தண்ணியில கரண்ட் இருக்கு!"

அவர் சிரித்தார். "ஊரிலயே கரண்ட் இல்ல, தங்கச்சி. படிச்ச பிள்ள இப்பிடிக் கதைக்கலாமா? கரண்ட் போனா தண்ணி வெறும் தண்ணிதான். றொபிக்கும் இதைத்தானே சொன்னேன்…"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நின்றார். சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது.

"என்ன சொன்னீங்க அவனுக்கு?"

அவருடைய பார்வை அவளைத் தாண்டி, உள்ளே வெளிச்சம் காட்டிய மடிக்கணினிக்குப் போனது.

"கரண்ட் இல்லாத நேரத்தில இறங்கச் சொன்னீங்க. அவன் சட்டத்தைப் பிடிச்சிருக்கேக்க கரண்ட் திரும்பி வந்திட்டுது. அப்பிடித்தானே?"

"அந்தக் கணினியத் தாங்க. உள்ள வந்து கதைப்பம்." குரலில் இருந்த மரியாதை கழன்றுவிட்டது. சப்பாத்தைக் கீழே போட்டு, கேற்றைப் பிடித்துத் தள்ளியபடி தண்ணீருக்குள் காலை வைத்தார்.

குடை விழுந்தது.

அலறல் இல்லை. தாடை இறுகி, கழுத்து நரம்புகள் புடைத்து, நின்றபடி நின்றார். கேற்றுக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி. கண்கள் மட்டும் அசைந்தன. அவை அவளைப் பார்த்தன.

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். கோடு பத்து மில்லி அம்பியருக்குச் சற்று மேலே. தட்டையாக. ஏறவில்லை. இறங்கவில்லை.

விடவும் இல்லை. கொல்லவும் இல்லை.

வாசல் மூலையில் வீடு கூட்டும் தும்புத்தடி காய்ந்தபடி இருந்தது. மரப் பிடி. அதை எட்டி எடுத்தாள். காய்ந்த மரத்தால் தட்டிவிட்டால் அவருடைய பிடி கழலும். கேற்றுவரை அது எட்டாது. தண்ணீருக்குள் இன்னொரு கதிரையைப் போட்டு அதற்குத் தாவினால் எட்டும். பிறகுதான் கேற்றுக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தாள்.

மேலே ஒரு மனிதர். கீழே, மழை குத்திக் கலைத்த பிம்பத்தில், இரண்டு பேர். அதே கம்பியில், அவருடைய விரல்களின் மேல், இன்னொரு கை.

தடியை இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணா! விடு அவரை! எனக்கு இவர் உயிரோட வேணும். நாளைக்கு எல்லாருக்கும் முன்னால இவர் வாயால சொல்லோணும்!"

சளப் சளப் நின்றது. மழை மட்டும்.

தண்ணீருக்குள் இருந்த தலை மெல்லத் திரும்பியது.

அது றொபி இல்லை.

அவள் ஒருநாளும் கண்டிராத வயதான ஆள். வாய் நிறையச் சேறு. அவனுடைய தோளை இன்னொரு கை பிடித்திருந்தது. அந்தக் கையின் தோளை வேறொரு கை. முற்றத்துத் தண்ணீருக்குள், வேலிக்கு அடியால், குளம்வரை நீண்ட ஒரு வரிசை. றொபிக்கு முன்பே அந்தக் குளத்தில் 'மாரடைப்பு' வந்தவர்கள். றொபி எங்கோ கடைசியில், முதுகு காட்டி, ஆகப் புதியவனாய் நின்றான்.

கௌசல்யா வாசலோரம் கிடந்த இன்னொரு கதிரையை எட்டித் தூக்கித் தண்ணீருக்குள் போட்டாள். தடியை முன்னால் நீட்டியபடி அதில் ஏறினாள்.

"ஆராயிருந்தாலும் சரி," என்றாள். "விடுங்க."

வரிசையில் இருந்த தலைகளெல்லாம் ஒரே நேரத்தில் அவளை நோக்கி நிமிர்ந்தன.