விழுங்கும் வளைவு

மலைச்சாலையின் அந்த வளைவு மறுபடியும் உள்வாங்கிவிட்டது. சரிசெய்ய நானும் மச்சானும் போனோம். நான் பொக்லைன் ஓட்டுபவன். மச்சான், என் மனைவியின் அண்ணன், மேஸ்திரி.

மதியம்தான். ஆனாலும் மூடுபனியில் எதிரே இருந்த டீக்கடைகூட மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஆழமாத் தோண்டாதீங்க தம்பி," என்றாள் டீக்கடை அக்கா. "ரோடு வெட்டுன காலத்துல மண்ணு சரிஞ்சு, வேலைக்கு வந்த பொம்பளைங்க கொட்டகையோட புதைஞ்சிட்டாங்க. தோண்டி எடுக்கக்கூட இல்ல. அவங்க மேலயே ரோட்டைப் போட்டுட்டாங்க."

மச்சான் சிரித்தார். "பழங்கதை, மாப்ள. நீ தோண்டு."

தாரை உரித்ததுமே நாற்றம் எழுந்தது. செத்த எலி நாற்றம் இல்லை. நெடுநாள் விளக்காத வாயின் நாற்றம். முகத்துக்கு நேரே யாரோ கொட்டாவி விட்டதுபோல, சூடாக, ஈரமாக.

வாளியில் வந்தது மண் இல்லை. வெளுத்த கொழகொழப்பு, நூல் நூலாகத் தொங்கியது. அதற்குள் ஒரு சடை. பின்னல் கலையாமல்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தேன்.

"மூடிரு," என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி.

"எடுத்து நல்லபடியா அடக்கம் பண்ணிடலாம், மச்சான்."

"அப்புறம் விசாரணை, அது இதுன்னு இழுத்தடிப்பாங்க. வேலையைப் பாரு."

நான் ஏறவில்லை. அவரே ஏறி ஜல்லியைத் தள்ளினார். கொதிக்கும் தாரை ஊற்றினார். மயிர் பொசுங்கும் நாற்றம்.

அப்புறம் அடியில் ஒரு சத்தம்.

மடக்.

தார் ஒரு சாண் இறங்கியது.

எட்டிப் பார்க்கப் போனவரின் கால் கணுக்கால்வரை உள்ளே போய்விட்டது. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.

வெந்திருக்கும் என்று நினைத்தேன். ஜில்லென்று இருந்தது. ஒரு பொட்டுத் தார் ஒட்டவில்லை. குழந்தை சப்பிய விரல்போல வெளுத்து, ஊறி, சுருங்கிக் கிடந்தது. அதன்மேல் வழவழவென்று எச்சில். அதைத் துடைத்த கையால் இன்னும் சோற்றைத் தொட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். தினமும் அது நனைந்துபோகிறது. அதே வாய் நாற்றம். நர்ஸ் அருவருத்து ஒதுங்கிவிட, இன்று காலை என் மனைவியே கட்டைப் பிரித்தாள்.

"இங்க வாங்களேன்," என்று கிசுகிசுத்தாள். "அண்ணனோட சுண்டுவிரலு..."

விரல் இல்லை. காயமும் இல்லை, ரத்தமும் இல்லை. மச்சான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து விரல் மெல்ல ஈரமாகத் தொடங்கியது.