இறக்கத்தில் திரும்பும் சாவி

ஹெப்பாள் தொழிற்பேட்டையின் பின்தெருவில் இருக்கிறது என் மெக்கானிக் ஷெட். பெயர் பழனிமுத்து, சொந்த ஊர் ஹனூர். எந்தப் பெட்ரோல் வண்டியானாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு தலைக்கனம் உண்டு. சந்தேகப்புத்தியும் உண்டு. வண்டிக்காரன் சொல்வதில் பாதியைத்தான் நம்புவேன். மீதிப் பாதியை வண்டியிடமே கேட்டுக்கொள்வேன்.

உமேஷ் தன் பழைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு திங்கட்கிழமை காலை. அவன் கொள்ளேகால்காரன், பேச்சில் பாதி கன்னடம். வேனுக்கு இருபது வயதாவது இருக்கும்.

"ஓடிக்கிட்டே இருக்குதுண்ணா, திடீர்னு நின்னுருது. சாவியத் திருப்புனா ஒடனே புடிச்சுக்குது. தெனமும் இல்ல. எப்பவாச்சும்," என்றான்.

விட்டு விட்டு வரும் நோய்தான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்துவிடலாம். இந்த மாதிரி வண்டியோ, ஷெட்டுக்குள் வந்ததும் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று நிற்கும். ஒன்றரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். ஒரு இருமல்கூட இல்லை.

அலட்சியமாக விடவும் முடியாது. மதியம் இரண்டரை மணி ஷிப்டுக்குப் பத்துப் பெண்களைத் துணி ஆலையில் கொண்டுபோய் விடுவது இந்த வேன்தான். அந்தப் பத்தில் ஒருத்தி என் மனைவி மோகனப்ரியா. முன்சீட்டு அவளுடையது. வழியில் ரயில் பாலம் தாண்டியதும் நீளமான ஓர் இறக்கம், அதன் அடியில் லாரிகள் திரும்பும் முச்சந்தி. எஞ்சின் நின்றுவிட்டால் இரண்டு மிதிக்கு மேல் பிரேக் பெடல் கல்லாகிவிடும். அந்த இறக்கத்தில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தது, ஊசியால் குத்திவிட்டேன். எர்த் கம்பியைச் சுரண்டிப் பளபளப்பாக்கி முடுக்கினேன். இனி நிற்காது என்று சொல்லி அனுப்பினேன்.

புதன்கிழமை மறுபடியும் நின்றது.

இந்த மாதிரி வண்டிகளுக்கு என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்று எழுதிவரச் சொல்வேன். நோய் எதைக் கண்டு வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். உமேஷ் நோட்டை வாங்கவே தயங்கினான். மெக்கானிக்கிடம் எதையோ மறைக்கிறவன் எல்லாரும் அப்படித்தான் தயங்குவார்கள்.

பத்து நாளில் ஐந்து தடவை நின்றிருந்தது. ஐந்தும் அந்த இறக்கத்தில். ஐந்தும் மதியம் இரண்டு ஐந்துக்கும் இரண்டேகாலுக்கும் நடுவில். மேட்டில் ஒருமுறைகூட இல்லை, சமதரையில் ஒருமுறைகூட இல்லை.

நோட்டைப் படித்துவிட்டு வேனை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். கிழட்டு வண்டியில் முன்கண்ணாடி மட்டும் புத்தம் புதுசு. ஸ்டீயரிங்கும் புதுசு. டேஷ்போர்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது.

"முன்னாடி எங்கியாச்சும் அடிவாங்குன வண்டியா இது?"

"ஏனில்லண்ணா... ஒண்ணுமில்ல," என்றான் உமேஷ். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மோகனப்ரியா ஒன்று சொன்னாள். "ஏனுங்க, வண்டி நிக்கறதுக்கு முன்னால தைல வாசம் வருதுங்க. நீலகிரித் தைலம்."

"பத்துப் பொம்பளைங்க ஏறுற வண்டி. எவளுக்காச்சும் தலைவலியா இருக்கும்."

"எல்லாத்தையும் கேட்டுப் பாத்துட்டேன். யாரும் தடவலைங்க."

நான் சோற்றைப் பிசைந்தேன். தைல வாசத்துக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. காலி வண்டியோடு, அதே மதிய நேரத்தில் உமேஷை வரச்சொன்னேன். எஞ்சினுக்கு மின்சாரம் போகும் கம்பியில் ஒரு சின்ன பல்பை இணைத்து டேஷ்போர்டு மேல் ஒட்டிவைத்தேன். வண்டி நிற்கும் நேரத்தில் பல்பு எரிந்தால் குற்றவாளி பெட்ரோல். அணைந்தால் மின்சாரம். எளிமையான கணக்கு.

உமேஷ் ஓட்டினான். மோகனப்ரியாவின் சீட்டில் நான் உட்கார்ந்தேன். வெயிலில் கண் கூசியது, சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. ரயில் பாலம் தாண்டி மூன்றாவது கியரில் இறங்க ஆரம்பித்தோம்.

தைல வாசம் வந்தது.

எங்கள் இருவர் நெற்றியிலும் ஒன்றும் இல்லை. கண்ணாடிகள் ஏற்றித்தான் இருந்தன. வாசம் எனக்கும் அவனுக்கும் நடுவிலிருந்து வந்தது.

பல்பு அணைந்தது.

எஞ்சின் சத்தம் போய்விட்டது. சக்கரங்கள் தார்ச்சாலையில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. உமேஷ் பதறி ஓரம் கட்டி நிறுத்தினான். நான் சாவியைப் பார்த்தேன். அது அணைக்கும் இடத்தில் இருந்தது.

"நீதான திருப்புன?"

"அய்யோ, என் ரெண்டு கையும் ஸ்டீயரிங்குல இருந்துச்சுண்ணா."

நான் நம்பவில்லை. ஆனால் சாவியோடு ஒரு பெரிய கொத்து தொங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். வீட்டுச் சாவி, பூட்டுச் சாவி, பித்தளையில் மாதேஸ்வரன் சாமி படம். தேய்ந்துபோன ஸ்விட்ச், கீழே இழுக்கும் பாரம். குண்டு குழியில் குலுங்கினால் சாவி தானே திரும்பிவிடும். எத்தனையோ பழைய வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அப்பாடா என்று இருந்தது. கொத்தைக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒற்றைச் சாவியை மட்டும் விட்டு, மறுபடி மேலே ஏறி வரச்சொன்னேன்.

இந்த முறை நான் பல்பைப் பார்க்கவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலம் தாண்டியது. வாசம் வந்தது.

சாவி திரும்பியது.

குலுங்கவில்லை, துள்ளவில்லை. இரண்டு விரல் பிடித்துத் திருப்பினால் எப்படித் திரும்புமோ அப்படி, அவசரமில்லாமல் திரும்பியது. பல்பு அணைந்தது. பிறகு டேஷ்போர்டு மேல் யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள்.

தட். தட்.

உமேஷ் பிரேக்கை மிதித்தான். ஒரு மிதி, இரண்டு மிதி. மூன்றாவது மிதிக்குப் பெடல் அசையவில்லை. முச்சந்தியில் ஒரு லாரியின் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் எட்டி ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

உமேஷ் அழுதான். குசுகுசுவென்று பேசினான், யாரோ பின்சீட்டில் இருந்து கேட்டுவிடுவார்கள் என்பது போல.

"ஜடையண்ணா அது."

"யாரு ஜடையன்?"

"எனக்கு முன்னால, வேற ஆலைக்கு ஓடுனப்ப, இந்த வண்டிய ஓட்டுனவரு. எப்பவும் நெத்தியில தைலம் தடவியிருப்பாரு. பெட்ரோல் ரொம்பக் குடிக்குதுன்னு நாந்தாண்ணா சொன்னேன், எறக்கத்துல சாவிய அணைச்சுட்டு வான்னு. மொதல்ல பயந்தாரு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு. அணைச்சுட்டு, டேஷ்போர்ட ரெண்டு தட்டுத் தட்டி, 'சும்மா போவும்'பாரு. போன வருசம் ஒரு நாளு, ஷிப்டு முடிஞ்ச பொம்பளைங்கள ஏத்திட்டு வரக் காலி வண்டியோட எறங்குனாரு. பிரேக் புடிக்கல. லாரிக்குப் பின்னால..."

கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் புதுசாக இருந்த காரணம் எனக்குப் புரிந்தது. டேஷ்போர்டுக்குப் பெயின்ட் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் மெக்கானிக். எனக்குத் தெரிந்ததைத்தான் செய்ய முடியும். சாவி ஸ்விட்சை முழுதாகக் கழற்றி எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஸ்டீயரிங்குக்குக் கீழே மறைவாக ஒரு சின்ன ஸ்விட்சும் பட்டனும் வைத்தேன். திருப்புவதற்குச் சாவியே இல்லை என்றால் எதைத் திருப்புவார்? உமேஷ் எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் கொளுத்தி, வண்டியை எடுத்துப் போனான். கழற்றிய ஸ்விட்சில் கரண்ட் பாய்கிறதா என்று சாவியை எரியும் பக்கம் திருப்பிச் சோதித்துப் பார்த்துவிட்டு, அப்படியே பெஞ்சின் மேல் வைத்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

இரண்டு நாள் வேன் ஒழுங்காக ஓடியது. என் தலைக்கனம் பாதி திரும்பி வந்தது.

மூன்றாம் நாள், மதியம் இரண்டு மணி பத்து நிமிஷம். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

டிக்.

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் மேல், எந்தக் கம்பியோடும் சேராமல் கிடந்த அந்த ஸ்விட்சில், சாவி அணைக்கும் பக்கம் திரும்பியிருந்தது.

தட். தட். பெஞ்சுப் பலகையில்.

போனை எடுத்து மோகனப்ரியாவை அழைத்தேன். அவசரத்தில் இரண்டு முறை தவறான பெயரை அழுத்தினேன். அவள் எடுத்தாள். குரலில் பயம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"பாலம் தாண்டிட்டோமுங்க. வண்டி இன்னிக்கு சத்தமே இல்லாம மெதந்துக்கிட்டு போவுது. ஏனுங்க, இருங்க... உமேஷண்ணன் என்னமோ கத்தறாரு..."

ஓடிப்போய்ச் சாவியைப் பிடித்தேன். திரும்பவில்லை. யாரோ எதிர்ப்பக்கம் பிடித்திருந்தார்கள். இரண்டு கையாலும் முறுக்கினேன். பல்லைக் கடித்து முறுக்கினேன். டிக் என்று எரியும் பக்கம் விழுந்தது. அந்த நொடியே போனில் எஞ்சின் உறுமியது. பெண்களின் கூச்சல், பிரேக் பிடிக்கும் கிறீச், பிறகு மோகனப்ரியாவின் மூச்சு.

"நின்னுருச்சுங்க. நின்னுருச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வண்டியை உடைக்கப் போட்டுவிடு என்று உமேஷிடம் சண்டை போட்டேன். "இன்னும் ரெண்டு மாசம்ண்ணா, புது வண்டி வந்துரும். வண்டி இல்லைன்னா ஆலைக்காரங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க," என்றான். சுற்றுவழியில் போகச் சொன்னேன். அங்கேயும் ஒரு இறக்கம் இருந்தது. சாவியைக் கம்பியால் கட்டிப் பார்த்தேன், கம்பி அறுந்தது. ஸ்விட்சைச் சுத்தியலால் நொறுக்கக் கை ஓங்கினேன். நொறுக்கிவிட்டால், அவர் அணைத்ததை எதை வைத்துத் திருப்பி எரியவைப்பேன்? கையை இறக்கிவிட்டேன்.

மோகனப்ரியாவிடம் இனி அந்த வேனில் ஏறாதே என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"மத்த ஒம்போது பேருகிட்டயும் சொல்லிட்டேனுங்க. பாதிப் பேரு சிரிச்சாங்க. மீதிப் பேரு, வேலை போயிருமேன்னாங்க. நான் ஏறலைன்னா நீங்க தெனமும் அந்தச் சாவியப் புடிப்பீங்களா?"

"புடிப்பேன்."

"ஒரு நாளைக்கு வேலை மும்முரத்துல மறந்துருவீங்க. நான் ஏறுறேன். அப்பத்தான் மறக்க மாட்டீங்க."

பதினெட்டு வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு என் மேல் இவ்வளவுதான் நம்பிக்கை. தினமும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள்.

அதிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு, சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு மணி எட்டுக்குத் தைல வாசம் வரும். பத்துக்குச் சாவியில் முறுக்கு ஆரம்பிக்கும். ஐந்து நிமிஷம். பிறகு அவர் கை தளரும், வாசம் போய்விடும். ஒவ்வொரு நாளும் பிடி கொஞ்சம் கூடுகிறது. உள்ளங்கை கிழிந்து துணி சுற்றியிருக்கிறேன்.

ஜடையண்ணா, அதில் பொம்பளைங்க இருக்காங்க, விட்டுருங்க என்று நேற்று கெஞ்சினேன். முதல் முறையாக முறுக்கு சட்டென்று நின்றது. கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

அப்போது விரல் முட்டி இரண்டு முறை தட்டியது.

பெஞ்சில் இல்லை. சாவியைப் பிடித்திருந்த என் புறங்கையில்.

"சும்மா போவும்," என்றது ஒரு குரல், என் காதுக்குப் பக்கத்தில்.

இன்று புதன்கிழமை. மணி இரண்டு ஆறு. மோகனப்ரியாவின் மிஸ்டு கால் வந்துவிட்டது. நான் சாவியைப் பிடித்திருக்கிறேன். என் விரல்களுக்கு மேல் இன்னும் ஐந்து விரல்கள், இன்று சீக்கிரமாகவே வந்துவிட்டன.