நடுக்கடலில் நின்ற கப்பல்

கௌசி கதை வாசித்தால் இரண்டு பேர் கேட்பார்கள். ஒருத்தி, எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா ஊர்மிளா. இன்னொருவர், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாக்கண்ணு அத்தை.

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், வீடுகளை ஒட்டி வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரு காம்பரா அறைக்கும் அடுத்ததற்கும் இடையே சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். அப்படியிருக்க, கதை மட்டும் தாண்டாமல் இருக்குமா?

கௌசிக்கு ஒரு கெட்ட பழக்கம். பசி வந்துவிட்டால் ஒரு முழுப் பக்கத்தையும் அப்படியே விழுங்கிவிடுவாள்.

"ஏய் கௌசி, கெணத்துல விழுந்த புலி ஏறுச்சா இல்லையா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

"ஏறிருச்சு அத்தை!"

"எப்புடி ஏறுச்சு? அத வாசி மொதல்ல!"

ஊர்மிளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பு அவள் சீனி சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் வாசித்தவள். கௌசி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே அக்காவுக்காகத்தான்.

இதெல்லாம் நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில். இன்றும் அந்த மாலை நேரங்களை நினைத்தால் கௌசிக்கு விறகுப் புகை மணக்கிறது.

அந்த வருடம் அவள் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸானாள். ஜனவரியில் ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். லயமே கொண்டாடியது. கௌசி மட்டும் அக்காவிடம் போய் ஒட்டி உட்கார்ந்தாள்.

"நான் போயிட்டா ஒனக்கு யாருக்கா வாசிப்பா?"

"நான் பாத்துக்கிறேன். நீ அங்க போயும் பக்கத்த முழுங்காம இரு," என்றாள் ஊர்மிளா.

டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. பார்வையில்லாதவர்களுக்கு உதவும் ஒரு சங்கம் நுவரெலியாவில் வாசிப்புக் கருவி கொடுக்கிறதாம். சீடியில் இருக்கும் புத்தகத்தை அது சத்தமாக வாசித்துக் காட்டுமாம். ஆளுக்கு ஒன்றுதான். எடுத்த பிறகு மாற்ற முடியாது.

கருவி கொடுக்கும் நாளில் அம்மா மீனம்மா, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகவில்லை. கொழுந்து பறிக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இருவரையும் பஸ்ஸில் கூட்டிப்போனாள்.

மண்டபத்தில் மேசைமேல் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று மெல்லியது, வெள்ளி நிறம். அதன் சின்னத் திரையில் நீல வெளிச்சம் ஓடியது. மற்றது கறுப்பு, சாப்பாட்டுப் பெட்டிபோலத் தடியாக இருந்தது.

"எது வேணும் பிள்ளை? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ," என்றார் அங்கிருந்த கமலேஸ்வரி மிஸ். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டது ஊர்மிளாவிடம் அல்ல, கௌசியிடம்.

"வெள்ளிதான் மிஸ்! அக்கா, என்னா பளபளப்பு தெரியுமா? லைட்டெல்லாம் எரியுது!"

"நல்லாத்தான் இருக்கும்," என்றாள் ஊர்மிளா.

கௌசி சட்டென்று நிமிர்ந்தாள். தான் கருக்கிய ரொட்டியைச் சாப்பிடும்போதும் அக்கா இதே குரலில் இதையேதான் சொல்வாள்.

ஐயோ, பளபளப்பு அக்காவுக்கு எதற்கு?

கௌசி கண்களை இறுக மூடிக்கொண்டு வெள்ளிக் கருவியைத் தடவினாள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. எங்கே பித்தான், எங்கே திரை? ஏதோ ஒன்றை அமுக்கினாள். கருவி அணைந்தே போனது. கௌசிக்கு வெட்கமாக இருந்தது.

"மிஸ், அக்காகிட்டயே கேளுங்க. அவதானே வாசிக்கப்போறா."

கமலேஸ்வரி மிஸ்ஸின் முகம் சிவந்தது. "உண்மைதான் பிள்ளை. அதை நான்தான் முதல்ல கேட்டிருக்கோணும்," என்று கறுப்புக் கருவியை ஊர்மிளாவின் கையில் வைத்தார்.

ஊர்மிளாவின் விரல்கள் மெதுவாக நடந்தன. புடைத்த பித்தான்கள். ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று முக்கோணம். வட்டத்தை அமுக்கியதும், "அத்தியாயம் ஒன்று," என்றது கருவி. ஊர்மிளா திடுக்கிட்டாள். பிறகு சிரித்தாள். அப்புறம்தான் அவளுக்குக் கேள்விகள் வந்தன பாருங்கள்!

"இந்த முக்கோணம் எதுக்கு மிஸ்?"

"நிப்பாட்டின இடத்துக்கு அடையாளம் வைக்க. எத்தனை மாதம் கழிச்சு வந்தாலும் அதே இடத்திலயிருந்து வாசிக்கும்."

"ரெண்டுலயும் சத்தம் வெளிய கேக்குமா?"

"கறுப்பிலதான் கேட்கும். வெள்ளியைக் காதிலதான் மாட்டோணும்."

"அப்ப கறுப்புதான்," என்றாள் ஊர்மிளா. "செவத்துக்கு அங்கிட்டு ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க."

கூடவே பத்து சீடிகள் கிடைத்தன. கௌசி ஹட்டனுக்குப் போவதற்கு முதல்நாள் மாலை ஒரு கப்பல் கதையைப் போட்டார்கள். புயலில் பாய்மரம் முறிகிற நேரம் பார்த்து அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டாள். ஊர்மிளா முக்கோணத்தை அமுக்கினாள்.

விடுதியில் கௌசி எத்தனையோ நாள் தலையணைக்குள் முகம் புதைத்து அழுதாள். அக்கா இப்போது என்ன கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். தன்னை மறந்தே போயிருப்பாளோ என்றும் பயப்படுவாள்.

சித்திரை லீவுக்கு வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்துவிட்டது.

"வந்துட்டியா கௌசி? ஒங்க அக்காவ என்னான்னு கேளு! ஒம்பது சீடியையும் நாலு வாட்டி போட்டுட்டா. அந்தக் கப்பல மட்டும் மூணு மாசமா நடுக்கடல்லயே நிப்பாட்டி வச்சிருக்கா!"

கௌசி அக்காவைப் பார்த்தாள். "ஏன்க்கா?"

"நீ இல்லாம எப்புடிடி கேக்குறது?" என்றாள் ஊர்மிளா.

கௌசி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ஊர்மிளாவின் விரல் முக்கோணத்தைத் தேடிப் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பலகையைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"ம்... இப்ப போடு."