முதல் சிப்பி யாருக்கு?

பள்ளி விட்டதும் யஸ்னா ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள்.

அன்று காலை வகுப்பில் ஆசிரியை, ஊர்க் கடல்நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் காட்டியிருந்தார். அதில் துள்ளியவை புரோட்டிஸ்டுகள். பெரும்பாலும் ஒரே செல்தான். விலங்கு, செடி, பூஞ்சை எதிலும் சேராத நுண்ணுயிர்கள். சில விலங்கைப் போல இரை பிடித்தன. சில செடியைப் போல வெயிலில் உணவு தயாரித்தன. பூஞ்சையைப் போல அழுகியதில் வாழும் கூட்டமும் உண்டாம்.

பம்பரமாய்ச் சுழன்ற ஒன்றைப் பார்த்து யஸ்னா சிரித்தாள். ஆசிரியையின் முகமோ வெளுத்துப்போனது.

"இது விஷ வகை மாதிரி இருக்கு. ஏகப்பட்டது இருக்கே! இதைத் தின்னா சிப்பிக்கு ஒண்ணும் ஆகாது. சிப்பியைத் தின்னவங்களுக்கு உதடு மரத்துப்போகும், மூச்சே நின்னுடலாம். சோதனைச்சாலை பதில் வர்ற வரைக்கும் யாரும் சிப்பி திங்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லுங்க."

யஸ்னாவின் வீட்டிலோ விருந்து. கூரை மாற்ற ஊரே வந்து உழைத்திருந்தது. அவர்களுக்கு வயிறாரப் போடாவிட்டால் சிலோயே தீவில் தலைகாட்ட முடியாது. சமைக்க வெட்டிய குழியில் கற்கள் நெருப்பில் பழுத்துக் கிடந்தன. பக்கத்தில் ஒரு மூட்டை சிப்பி.

"அப்பா, சிப்பி வேணாம்ப்பா! கடல்ல விஷம்!"

அப்பா எலாடியோ சிரித்தார். "விஷம்னா கடல் சிவந்துபோகுமே, இப்ப சிவப்பாவா இருக்கு? கண்ணாடி மாதிரி இருக்குடி."

"இது கண்ணுக்குத் தெரியாதுப்பா!"

"எலுமிச்சை பிழிஞ்சா எந்த விஷமும் செத்துப்போகும்" என்றார் பக்கத்து வீட்டு ருபெர்தோ மாமா. "டாக்டரம்மா சாப்பிட வாங்க!"

"வேக வச்சாலும் போகாதாம் மாமா!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா ஒரு சிப்பியைப் பிளந்து எலுமிச்சை பிழிந்தார். அப்போது ஐந்து வயதுத் தம்பி நீலோ ஆவென்று வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றான்.

"சரிப்பா" என்றாள் யஸ்னா. "அவ்வளவு நிச்சயம்னா, முதல் சிப்பியை நீலோவுக்குக் குடுங்க."

சிரிப்பு நின்றது. அப்பா சிப்பியைப் பார்த்தார். மகனின் வாயைப் பார்த்தார். நிஜமாகவே கொடுத்துவிட்டால்? யஸ்னா தம்பியின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவின் கை நீளவே இல்லை. சிப்பியைக் குப்பை வாளிக்குள் வீசினார்.

"சிப்பி மூட்டையைக் கட்டி வைங்க" என்றார் வந்தவர்களிடம். " இன்னைக்குக் கிழங்கும் கறியும்தான்."

"வெறும் கிழங்கும் கறியுமா? இதுக்கா நான் கூரை ஏறினேன்?" என்று சிரித்த ருபெர்தோ மாமாவின் முகம் சட்டென்று மாறியது.

"ஐயோ... காலையில நானும் ஒரு வாளி பொறுக்கிட்டு வந்தேனே! வீட்ல அவ அதை அடுப்புல வச்சிருப்பாளே!"

தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினார். யஸ்னா வேலியைப் பிடித்தபடி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாமா வந்தார். பின்னாலேயே கரண்டியும் கையுமாக அவர் மனைவி எடித் அத்தை வந்தாள்.

"இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு? பானையோட தூக்கிக் கொட்டிட்டாரு! நான் இன்னும் உப்புகூடப் பாக்கலை!"

ருபெர்தோ மாமா யஸ்னாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.