பாலில் மூழ்கிய ஏழு துண்டுகள்

ஜப்பான்காரர் வந்த இரண்டாம் வருஷம். மலாயாவில், கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்று ஆறு மாதமாகியிருந்தது. வேலையற்ற ரப்பர் மரங்களுக்கிடையே மூடுபனி மட்டும் நடமாடிய ஒரு காலையில், செல்லம்மா, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி கனகசுந்தரத்தின் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, அம்பர் துண்டு ஏழும் காணோம்! மத்தியானம் சிரம்பான் தட்டான் வர்றான். அதக் குடுத்தாத்தான் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை. பாப்பாவுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது."

"பிசின் துண்டுக்கா மாத்திரை?" என்றான் கிராணியோடு எப்போதும் சுற்றும் ஆறுமுகம்.

"பழங்காலப் பிசின், ஆறுமுகம். இறுகிக் கல்லாப் போனது. நல்லதை மணியாக்குவான், மோதிரத்தில் பதிப்பான். நொறுங்கினதை உருக்கி வார்னிஷில் சேர்ப்பான்," என்றார் கிராணி.

"பாப்பாவுக்கு மாலை கோக்கத்தான் எம் வீட்டுக்காரரு வாங்கினாரு," என்றாள் செல்லம்மா. "ஊசியச் சுட வச்சு அஞ்சுல ஓட்டை போட்டாரு. மீதி ரெண்டுல போடறதுக்குள்ள, சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரங்க புடிச்சிட்டுப் போயிட்டாங்க."

தொழிலாளர் லயத்தில், செல்லம்மாவின் வீட்டில் வெறும் டின் கிடந்தது. அதன் மூடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. கிராணி நகத்தால் சுரண்டினார், ரப்பராகச் சுருண்டது.

"இன்றைக்குச் சொட்டின பால்; மரம் வெட்டிய கையோடு யாரோ திறந்திருக்கிறார்கள். காலையில் யார் வந்தது?"

"பக்கத்து வீட்டு மாரியம்மா மரவள்ளிக்கிழங்கு கொண்டாந்தா. வேலையாளுங்கள மேய்க்கிற மண்டோர் நல்லசாமி ரயில் வேலைக்குப் பேரு எழுத வந்தாரு. நடுவுல நான் கிணத்தடிக்குப் போனேன்."

"மண்டோரேதான்!" என்று துள்ளினான் ஆறுமுகம். "ஜப்பான்காரனுக்கு அந்த ஆளு குனியிற குனிவு இருக்கே..."

"குனிகிறவன் எல்லாம் திருடன் இல்லை. நட, பால் வடிகிற மரத்தைத் தேடுவோம்."

பனிக்குள் மரங்கள் ஒன்றைப்போல் ஒன்று நின்றன. நெடுநேரம் நடந்த பிறகு, ஒரே ஒரு மரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில், வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பழைய ஒட்டுப்பால் நூல்போல உரிக்கப்பட்டுப் பந்தாகச் சுருட்டிக் கிடந்தது. கிராணி பால் பிடிக்கும் மங்குக்குள் குச்சியை விட்டுத் தூக்கினார். வெண்மைக்குள்ளிருந்து மஞ்சள் ஒளித்துளி ஒன்று எழுந்தது, பிறகு இன்னொன்று, கடைசியில் ஏழும். ஒரு மரத்தின் பாலுக்குள் இன்னொரு மரத்தின் பழைய வெயில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சாயங்காலத்துக்குள் உறைந்திருந்தால், பார்வைக்கு வெறும் கட்டிப்பால். எவனும் தொடமாட்டான்," என்றார் கிராணி.

செல்லம்மா வீட்டுக்கு மாரியம்மாவையும் மண்டோரையும் வரவழைத்தார்.

"திருடப் போகும் அவசரத்திலும் அந்தக் கை ஒட்டுப்பாலை உரித்திருக்கிறது, மங்கைத் துடைத்திருக்கிறது, அப்புறம்தான் மரத்தில் கத்தி வைத்திருக்கிறது. உள்மரத்தில் காயமே இல்லை, பழகின கை. மண்டோர், நீங்கள் எத்தனை மரம் வெட்டியிருப்பீர்கள்?"

"நானா? கங்காணி மாமா தயவுல நேரா மண்டோரு. கத்தி புடிக்கவே தெரியாது லா."

 இருபது வருஷம் மரம் வெட்டிய மாரியம்மா தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பால் காய்ந்திருந்தது.

"எம் பயலுக்கும் மூணு நாளாக் காய்ச்சல்," என்றாள்.

"ஏன்டி, கேட்டிருக்கலாம்ல?" என்றாள் செல்லம்மா.

"ஒரு பொட்டலந்தானே வருது. எந்த வாயால கேப்பேன்?"

மத்தியானம் தட்டான் வந்தான். துண்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை நீட்டினான். செல்லம்மா அதைப் பாயில் பிரித்தாள். பாதியைக் கையால் ஒதுக்கி, மாரியம்மாவின் முந்தானையில் கொட்டினாள்.

"பத்துமா ஐயா?" என்று கிசுகிசுத்தான் ஆறுமுகம். 

மூன்றாம் நாள் காலை, பனி விலகுமுன், லயத்தின் இரண்டு வீடுகளிலிருந்தும் காய்ச்சல் விட்டுக் கஞ்சி கேட்டு அழும் பிள்ளைக் குரல்கள் வந்தன.