கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

எலிசா திண்டிவனத்தில் பஸ் ஏறி விமான நிலையம் வந்து சேர்ந்தபோது மதியம் மணி இரண்டு. அவளுக்கு டில்லியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. உள்நாட்டு முனையத்தில் நாலு மணிக்கு விமானம். கணவன் அலெக்ஸ் அவளைப் பார்ப்பதற்காகவே மும்பையிலிருந்து காலையிலேயே இங்கே வந்து, பக்கத்துப் பன்னாட்டு முனையத்தில் மஸ்கட் விமானத்துக்குக் காத்திருப்பதாக ஏற்பாடு. கல்யாணமாகி மூன்றே மாதம். இன்று விட்டால் இரண்டு வருஷம் பார்க்க முடியாது. அவன் போன்தான் காலையிலிருந்து அணைந்தே கிடந்தது.

பன்னாட்டு முனைய வாசலில் காவலுக்கு நின்ற பெண் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது பக்கத்து டெர்மினல் டிக்கெட்டும்மா. இத வச்சிக்கினு இங்க உள்ள வர முடியாது.”

“வூட்டுக்காரரு உள்ள இருக்காருக்கா. அஞ்சே நிமிசம்.”

“எந்த ஊரு நீ?”

“கோலியனூரு.”

“நான் கண்டாச்சிபுரம். ஊர்க்காரின்னு உட்டேன்னா, இந்த வேலை போயி நாளையிலருந்து ஊர்ல மல்லாட்டை உரிக்கத்தான் போவணும்.”

எலிசா சிரிக்கப் பார்த்தாள். அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலெக்ஸ் தெரிந்தான்.

தூணோரம் நின்றான். கையில் பை இல்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வெளியே சுள்ளென்று வெயில்.

உள்ளே வரும்படி கையசைத்தான்.

“என்ன உட மாட்டேங்கறாங்க! நீ வா! நீ வெளிய வா!”

வருகிறேன் என்பதுபோல் அவன் மெல்லத் தலையாட்டினான். குறுக்கே ஒரு ஆள் கடந்துபோனார். தூணோரம் காலியாக இருந்தது.

வெகுநேரம் நின்றாள். அவன் வரவில்லை. தன் முனையத்துக்கு ஓடி, சோதனை முடித்து உட்கார்ந்தபோது கொழுந்தன் சகாய பிரவீன் போன் செய்தான்.

“அண்ணி, ஊருக்குத் திரும்பி வந்துடுங்க. மும்பைல மழை... அண்ணன் அங்க ஏர்போர்ட்டுக்குப் போன ஆட்டோ கவுந்துடுச்சி. விடியக்காலையிலயே போயிட்டாரு அண்ணி. இப்பதான் சொல்றாங்க.”

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

சாவு வீட்டுக்கு வருகிறவர்களைக்கூட ‘வா’ என்று கூப்பிட மாட்டார்கள். அவள் செத்தவனையே கூப்பிட்டிருந்தாள்.

இரண்டு தரம்.

டிக்கெட் இல்லாமல் இங்கே யாரும் வர முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

சோதனை வாசல் ‘பீப்’ என்றது. திரும்பினாள். அங்கே யாரும் இல்லை.

மறுபடி ‘பீப்’.

பை சோதிக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு தட்டு நகர்ந்து வந்தது. அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்குள் ஒரு மோதிரம்.

காவலர் அதை எடுத்து, உட்புறம் பொறித்திருந்ததைப் படித்தார்.

“எலிசா... இங்க யாருங்க எலிசா?”

அவள் டிக்கெட்டில் இருந்த தன் பெயரைக் கையால் மூடிக்கொண்டாள்.

பக்கத்துக் காலி நாற்காலியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.