ஆடாத படம்

பின்சீட்டின் பெல்ட் பூட்டியிருந்தது.

அஸ்வினி வீடியோவை நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள். டிராக்கின் முதல் வளைவு. ஹெல்மெட்டுக்குள் அண்ணன் செல்வக்குமார். பக்கத்து சீட்டு காலி. பின்சீட்டும் காலி. ஆனால் அதன் இடதுபுறப் பெல்ட் மட்டும் இழுத்துப் பூட்டப்பட்டு, உள்ளே யாரோ இருப்பதுபோல முன்னால் லேசாகப் புடைத்திருந்தது.

இருட்டத் தொடங்கும் நேரம். பசுமலை வீட்டின் மாடி அறைக்குள் திருமங்கலம் ரோட்டில் போகும் பஸ்களின் ஹாரனும், கீழே அம்மா அரைக்கும் மிக்ஸியின் இரைச்சலும், வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்துகொண்டிருந்தன. அதற்கு அடியில், மழை விழாத கரிசல் மண்ணை வெயில் நேரத்தில் கிளறினால் வருமே, அப்படி ஒரு காய்ந்த வாடையும் இருந்தது. காலையில் போட்டுப் போன செருப்பில் ஒட்டிய மண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் புதிதாகப் போட்ட தனியார் டிராக் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் பணம் கட்டினால் சொந்தக் காரை எம்புட்டு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டலாம். ஓட்டுவதைப் படம் பிடிக்க அண்ணனுக்கு ஒரு கேமரா வேண்டும். கடைக்காரர் மூன்றைக் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை இன்றே திருப்பச் சொல்லியிருந்தார்.

"எது நல்லதுன்னு நீயே பாத்துச் சொல்லு. பிசிக்ஸு படிச்சவ நீதான?" என்று மதியம் அவளை வீட்டில் இறக்கிவிட்டு, மூன்று கேமராவின் பதிவுகளையும் கொடுத்திருந்தான். மங்கிய வெளிச்சத்தில் படம் எப்படி வருகிறது என்று பார்க்க, மூன்றாவது கேமராவோடு இப்போது ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறான். கூட நண்பன் சிவபாண்டி.

முதல் கேமரா சாலையைப் பார்த்து வைத்தது. வெயிலில் சூடாகி நின்றுவிட்டது. இரண்டாவது பானட்டின் மேல் ஒட்டியது. காற்றிரைச்சல் காதைக் கிழித்தது. மூன்றாவது மட்டும் டேஷ்போர்டிலிருந்து உள்பக்கம் பார்த்தது. துல்லியமான படம். சிம் போட்டால் ஓடும்போதே வீட்டிலிருந்து பார்க்கலாம். இதுதான் நல்லது என்று எழுதப்போனபோதுதான் பெல்ட் கண்ணில் பட்டது.

முதல் கேமராவின் பதிவுக்குத் திரும்பினாள். படத்தில் சாலை மட்டும். கண்ணை மூடி, சத்தத்தை மட்டும் கேட்டாள். என்ஜின் கிளம்புகிறது. அண்ணன் தொண்டையைச் செருமுகிறான். அதன்பின், பின்னாலிருந்து, நிதானமாக.

டக்.

அந்தப் பெல்ட்டில் காலையில் ஒரு கல் இருந்தது.

அண்ணன், சிவபாண்டி, அவள் என்று மூன்று பேராகக் கிளம்பியது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "மூணு பேரா போகாதீங்கடா. வழியில ஒரு கல்லையாவது எடுத்துப் போட்டுக்கங்க. நாலாயிரும்."

"கல்லுக்கும் டீ வாங்கித் தரணுமாம்மா?" என்றான் சிவபாண்டி.

சிமென்ட் போட்ட தெருவில் கல் ஏது? கரிசல்காட்டு வளைவு ஒன்றில் அண்ணன் காரை நிறுத்தினான். கருவேல மரத்தடியிலிருந்து சிவபாண்டி ஒன்றைப் பிடுங்கி வந்தான். ஆமாம், பிடுங்கித்தான் வந்தான். பாதி மண்ணுக்குள் நட்டு வைத்திருந்த கல். ஒரு பக்கம் பூசிய மஞ்சள் மங்கியிருந்தது. மரத்தடியில் காய்ந்த மாலையும் உடைந்த ஹெட்லைட் கண்ணாடியும் கிடந்ததை அஸ்வினி பார்த்தாள். யாரோ அடிபட்டுச் செத்த இடம். சொல்ல வாயெடுத்தாள். அண்ணனின் நண்பன் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. வரவில்லை.

"வாங்கண்ணே, ஏறுங்க. உங்க பேரு மொக்கையன். இனிமே நாங்க நாலு பேரு." கல்லைப் பின்சீட்டில் வைத்துப் பெல்ட்டையும் மாட்டினான். "மாப்ள, மொக்கையண்ணனுக்கு ஏசி பத்துதான்னு கேளு!"

அண்ணன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

டிராக்கில் காருக்குள் உதிரிச் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. சிவபாண்டி பெல்ட்டைக் கழற்றி, கல்லை எடுத்து வேலிக்கு அப்பால் வீசினான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். கல் விழுந்த சத்தம்கூட நினைவிருக்கிறது.

மூன்றாவது கேமராவின் பதிவை மறுபடி போட்டாள். வளைவில் கார் திரும்ப, அண்ணனின் தலை வெளிப்பக்கம் சாய்ந்தது. மேலே தொங்கிய மணிமாலை சாய்ந்தது. காலியாக இருந்த மற்ற பெல்ட்டுகள் சாய்ந்தன. எடையுள்ள எதுவும் சாய்ந்தே ஆக வேண்டும்.

பூட்டிய பெல்ட் சாயவில்லை.

பிரேக் போட்டபோதும் இல்லை. குலுக்கலிலும் இல்லை. திரையில் எல்லாமே நடுங்கிக்கொண்டிருக்க, அந்த இடம் மட்டும் அசையாமல் நின்றது. வெளிச்சத்தைக் கூட்டினாள். பெல்ட்டுக்குப் பின்னால் சீட்டின் நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. தோள்கள் இருக்க வேண்டிய உயரம் வரை.

மிக்ஸி நின்றது. வீடு திடீரென்று அமைதியானது.

அவள் நேரலையைத் திறந்தாள்.

அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் சிவபாண்டி முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் இருவர் முகத்திலும் ஏறி இறங்கியது. இருவருக்கும் நடுவே தெரிந்த இடைவெளியில், பின்னால் இடதுபுறம், பூட்டிய பெல்ட். அதற்குள் இருட்டு. எந்த லாரி வெளிச்சமும் அதன் மேல் ஏறவில்லை.

இரண்டு பேர்தான் கிளம்பினார்கள். அதோடு சேர்த்தால் மூன்று.

போனை எடுத்தாள். அண்ணனை அழைத்தாள். சிவபாண்டி எடுத்தான்.

"சொல்லு தங்கச்சி. நான் படத்துல எப்படி இருக்கேன்?"

பின்னால் பாருங்கள் என்று சொல்ல முடியாது. அண்ணனும் திரும்புவான். எதிரே லாரிகள்.

"அண்ணே… வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"கேமராவ… கொஞ்சம் சரி பண்ணணும்."

திரையில் கார் நின்றது. இருவரும் முன்னால் குலுங்கினார்கள். அது குலுங்கவில்லை.

"நிறுத்தியாச்சு."

"ரெண்டு பேரும் இறங்குங்க."

"ஏண்டி, என்னாச்சு?" அண்ணனின் குரல்.

"இறங்குங்கண்ணே!"

அவள் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. சிவபாண்டியின் சிரிப்பு நின்றது. அவன் கை பெல்ட்டின் பூட்டைத் தேடிப் போனது.

டக்.

அவன் பூட்டு அல்ல.

பின்னால் பெல்ட் தளர்ந்தது. இருட்டு முன்னால் குனிந்தது. இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே.

படம் உறைந்தது. வட்டம் சுற்றியது. போனில் காற்றின் சத்தம் மட்டும். "அண்ணே? அண்ணே?" வட்டம் சுற்றியது. சுற்றியது.

படம் வந்தது.

கார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நேராகப் பார்த்து ஓட்டினான். சிவபாண்டியும் நேராகப் பார்த்தான். முறுக்கு இன்னும் கையில். பின்சீட்டில் பெல்ட் மறுபடி பூட்டியிருந்தது.

"அண்ணே, எங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தான் வாரோம்." அண்ணனின் குரல்தான். ஆனால் திரையில் அவன் வாய் அசையவில்லை. "உன்ன ஏத்திக்கணும்."

"எதுக்கு?"

"மூணு பேரா போகக் கூடாதுல்ல."

வேகத்தடை ஒன்றில் கார் ஏறி இறங்கியது. மணிமாலை துள்ளியது. தலைகள் துள்ளவில்லை. மூன்றும்.

கரிசல் மண் வாடை அறை முழுவதும் நிறைந்தது.

அதற்குள் வாசலில் ஹாரன்.

"வந்துட்டானுக போல," அம்மா கீழிருந்து கூப்பிட்டாள். "அச்சு, போய்க் கேட்டைத் திற."

அஸ்வினி எழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. காரின் பின்கண்ணாடியில் அவர்கள் தெருவின் விளக்கு தெரிந்தது. பின்சீட்டில், இருட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில், வலதுபுறப் பெல்ட் மெல்ல நீண்டது. இன்னும் நீண்டது. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

அப்படியே நின்றது. ஆடாமல்.

கீழே, அம்மா கேட்டைத் திறக்கப் போகும் செருப்புச் சத்தம்.